ஜீரோ வோல்ட்

துப்பறிவாளரை வீட்டுக்கு வரவழைப்பவர்கள் பொதுவாகக் குற்றவாளி யார் என்று தெரியாமல்தான் வரவழைப்பார்கள். இந்த வீட்டுக்காரர் கொஞ்சம் வித்தியாசமானவர். குற்றவாளியைக் கண்டுபிடித்து, விசாரித்து, தீர்ப்பும் சொல்லி, அவனுடைய துணிமணிகளைப் பையில் அடைத்து வராந்தாவில் வைத்த பிறகுதான் போன் செய்திருந்தார்.

"இப்ப மணி மூணு. அஞ்சு மணி பஸ்ல அவன் கிளம்பிடணும்," என்றார். "அதுக்குள்ள ஆதாரத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். அதையும் அவன் கையில குடுத்து அனுப்பிடுறேன்."

"பையிலயே வெச்சிடலாமா, தனியா பார்சல் கட்டணுமா?" என்று கேட்டாள் குண்டூசி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சர்வேயரைப் பார்த்தார். வந்ததிலிருந்தே அப்படித்தான். கேள்வி அவளிடமிருந்து வந்தாலும் பதில் சர்வேயரிடம்தான் போய்ச் சேர்ந்தது. குண்டூசிக்கு இது பழக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் புதிதாகத்தான் வந்தது.

சர்வேயர் என்பது அவருடைய பழைய உத்தியோகம். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய லாரிகளையும் பார்த்து, தானாக எரிந்ததா, வேண்டியவர்கள் எரித்தார்களா என்று எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதையே சின்ன அளவில் வீடுகளுக்குச் செய்து கொண்டிருந்தார். குண்டூசி அவருடைய உதவியாளர். பெயர் உடம்புக்கு வைத்ததல்ல, நாக்குக்கு வைத்தது.

வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வாங்கிய லேத், ட்ரில்லிங் மெஷின், அறுவை மெஷின், சாணை மெஷின் எல்லாம் வரிசையாக நின்றன. நான்கும் அழகாகத் துடைத்து எண்ணெய் பூசப்பட்டிருந்தன. நான்கில் ஒன்றுகூட இதுவரை இந்த வீட்டில் ஓடியதில்லை. எல்லாமே மூன்று ஃபேஸ் மெஷின்கள், வீட்டுக்கு வருவதோ ஒரே ஃபேஸ்.

"அதுக்காகத்தான் சார் இவரைக் கொண்டு வந்தேன்," என்று மூலையைக் காட்டினார் மெக்கானிக்.

'இவர்' ஒரு ஜெனரேட்டர். கார் ஒன்றின் பாதி நீளம். இரண்டு சிலிண்டர். இழுத்து மூடிய ஒரு ஐஸ் ஃபேக்டரியின் இடிபாட்டில் ஒன்பது வருடம் மழையில் கிடந்தவர். பிஸ்டன் இறுகிப்போய், ரேடியேட்டர் சல்லடையாகி, காயிலுக்குள் எலிக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தது. மெக்கானிக் பிஸ்டனை நாற்பது நாள் எண்ணெயில் ஊறவைத்துக் கழற்றினார். எஞ்சின் அவர் வேலை. காயில் கட்டியது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. மோட்டார் காயில் கட்டுவதுதான் அவன் தொழில். எண்ணெயில் ஓடுவதெல்லாம் மாமாவுக்குத் தெரியும், கம்பியில் ஓடுவதெல்லாம் மச்சானுக்குத் தெரியும். பதினான்கு மாதம் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வேலை பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஓட்டிப் பார்த்தோம். மெஷின் எதையும் போடல, மீட்டர் மட்டும்தான் வெச்சோம். நானூத்திப் பதினஞ்சு வோல்ட். ஊசி ஆணி அடிச்ச மாதிரி நின்னுது சார்! ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தேன். என் பழைய முதலாளிகூட வந்திருந்தார். எஞ்சின் சும்மா பாட்டு மாதிரி ஓடுது. மீட்டர்ல ஜீரோ."

"வந்தவங்க?" என்றாள் குண்டூசி.

"ஒருத்தர் கை தட்டினார் சார்," என்றார் மெக்கானிக், சர்வேயரிடம். அவர் குரல் இறங்கியது. "ஜெனரேட்டர்னா சத்தம் வரணும், வந்துடுச்சேன்னு நினைச்சுட்டார் போல."

குண்டூசிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது.

"சனிக்கிழமை?" என்றார் சர்வேயர்.

"நான் ஊர் பூரா அழைக்கப் போயிருந்தேன். ராத்திரிதான் வந்தேன். அன்னைக்குத்தான் அவன் வேலையைக் காட்டியிருக்கான்." மெக்கானிக் ஒரு மரக்குச்சியை எடுத்து டீசல் டேங்குக்குள் விட்டு, வெளியே இழுத்துக் காட்டினார். குச்சியில் சாக்பீஸ் கோடுகள். "இது வெள்ளிக்கிழமை ஓட்டி முடிச்சப்புறம் போட்ட கோடு. இது ஞாயிறு காலையில. ரெண்டு விரற்கடை குறையுது. நான் இல்லாதப்ப ஓட்டிக் கெடுத்திருக்கான்."

"பட்டறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சமையலறை ஆணியில ஒண்ணு தொங்கும். அது கணக்குல வராது."

அப்போது மெக்கானிக்கின் மனைவி இரண்டு தம்ளர் தண்ணீருடன் வந்தாள். முன்னறையில் அவளுக்குத் தையல் வேலை. கழுத்தில் அளவு நாடா தொங்கியது, உடையெங்கும் நீலத் துணியின் நூல் ஒட்டியிருந்தது. பள்ளிச் சீருடை தைக்கிற சீசன். தம்ளரை நீட்டியபடி, "சார், சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தாள்.

"சார் வேலையா இருக்கார். நீ உள்ள போ," என்றார் மெக்கானிக்.

"தண்ணிக்கு நன்றிம்மா," என்றார் சர்வேயர்.

குண்டூசி தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வலது புருவம் இயற்கை. இடது புருவத்தில் முன்பாதி மட்டும் இயற்கை, பின்பாதி பென்சில். ரொம்ப நேர்த்தியாகத்தான் வரைந்திருந்தாள். அழகு நிலையத்தில் யாரோ கைதவறி மழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, குண்டூசி அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

பையின் பக்கத்தில் பையைப் போலவே வாயை மூடிக்கொண்டு மைத்துனன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை.

"மெஷினுக்கு என்ன ஆச்சு?" என்றார் சர்வேயர்.

"மறந்துடுச்சு சார்."

"யாரு?"

"ஜெனரேட்டர்தான். எங்க கடையில அப்படித்தான் சொல்வோம். உள்ள இருக்கிற இரும்புல எப்பவும் கொஞ்சூண்டு காந்தம் தங்கியிருக்கும். அந்தக் கொஞ்சத்தை வெச்சுத்தான் மிச்சக் கரண்டை அது உண்டாக்கும். அந்தக் கொஞ்சமும் போயிடுச்சுன்னா எஞ்சின் தொண்டை கிழிய ஓடினாலும் ஒரு வோல்ட்கூட வராது. காயில் நல்லாத்தான் இருக்கு சார். ஒரு பேட்டரி வயரை அதுல ஒரு நொடி தொட்டா போதும், ஞாபகம் வந்துடும்."

"இதை உங்க மாமாகிட்ட சொல்லலையா?" என்றாள் குண்டூசி.

"சொன்னேனே. அங்கதான் தப்பாப் போச்சு. அத்தனை பேர் முன்னாடி, 'மாமா, மறந்துடுச்சு'ன்னேன். அதுக்கு முந்தின வாரம்தான் அவர் கல்யாண நாளை மறந்துட்டு, வீடே ரெண்டு நாள் பேசாம இருந்துச்சு. நான் அதைக் குத்திக் காட்டுறேன்னு நினைச்சுட்டார். சரி, ஒரு நொடில சரி பண்ணிடுறேன்னு சொன்னேன். 'கெடுத்தவனுக்குத்தானே ஒரு நொடில சரி பண்ணத் தெரியும்'னு சொல்லிட்டார். பட்டறைப் பக்கம் அதுக்கப்புறம் விடவே இல்ல."

உலகத்தில் வேலை தெரிந்தவனாக இருப்பதும் குற்றம்தான் என்று குண்டூசி குறித்துக்கொண்டாள்.

"எதனால மறக்கும்?" என்றார் சர்வேயர்.

"ரொம்ப நாள் சும்மா கிடந்தா மறக்கும். பலமா அடி பட்டா மறக்கும்."

"வேற?"

முன்னறையில் கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் கேட்டது. மைத்துனன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். "வேற ஒண்ணும் இல்ல சார்."

பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவன். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"மச்சான்காரர் எதையோ முழுங்குறார் சார்," என்றாள் குண்டூசி, பட்டறைக்குத் திரும்பும்போது. "ஒருவேளை மெக்கானிக் சொல்றதுதான் உண்மையோ என்னமோ. அப்படி இருந்தா எனக்குத்தான் ஏமாற்றம். எனக்கு அவரைப் பிடிக்கவே இல்ல."

"யாரைப் பிடிக்குதுன்னு பார்த்துத் துப்பறிஞ்சா ஜெயில்ல ஆளே இருக்காது," என்றார் சர்வேயர். "ரெண்டு விரற்கடை டீசல் செலவாகியிருக்கு. அரை மணி நேரத்துக்குக் குறையாம ஓடியிருக்கு. கெடுக்கணும்னு வர்றவனுக்கு அரை மணி எதுக்கு? ஒரு வயரைப் பிடுங்கிட்டுப் போக ஒரு நிமிஷம் போதும். யாரோ இதை வேலைக்காக ஓட்டியிருக்காங்க. என்ன வேலைன்னு பார்ப்போம்."

அவர் லேத்தின் கீழே பார்த்தார். ஒரு இரும்புச் சுருள்கூட இல்லை. அறுவை மெஷினின் கீழே தூள் இல்லை. சாணை மெஷினின் கீழே தரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மெக்கானிக் கைகட்டி நின்று, துப்பறிவாளர் தரையில் தவழ்வதைத் திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அப்படியே இடுப்பை நிமிர்த்த அண்ணாந்தவர், அண்ணாந்தபடியே நின்றுவிட்டார்.

"குண்டூசி, மேல பாரு."

கூரை ஒழுகாமல் இருக்கத் தகரத்துக்குக் கீழே வெள்ளை பாலிதீன் ஷீட் கட்டியிருந்தது. சாணை மெஷினுக்கு நேர் மேலே மட்டும் அந்த ஷீட்டில் பொடிப் பொடியாக ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கருப்பு விளிம்பு. நூறு இருக்கும்.

"யாரோ ஊதுபத்தியை வெச்சுக் கோலம் போட்டிருக்காங்க," என்றாள் குண்டூசி.

"பொறி. சாணைப் பொறி."

மெக்கானிக் முதல் முறையாகச் சிரித்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. சாணையில பொறி கீழ்நோக்கித்தான் பறக்கும். கல்லு நம்ம பக்கத்துல மேல இருந்து கீழதானே சுத்துது. பொறி கூரைக்குப் போகணும்னா கல்லு தலைகீழா..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் சர்வேயர். "தலைகீழா சுத்தணும். மூணு ஃபேஸ்ல ரெண்டு வயர் இடம் மாறினா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். புதுசா இணைப்புக் குடுக்கிற இடத்துல இது சகஜம். ஓட்டிப் பார்த்ததும் தெரியும், ரெண்டு வயரை மாத்திப் போட்டா சரியாயிடும். உங்க மெஷின் எதையும் நீங்க இதுவரைக்கும் ஓட்டல. அதனால இது தலைகீழா சுத்தும்னு உங்களுக்கே தெரியல."

"அப்ப சனிக்கிழமை சாணையை ஓட்டியிருக்கான்!"

"யாரு, உங்க மச்சானா? யோசிச்சுப் பாருங்க. காயில் கட்டுறது அவர் தொழில். சுவிட்சைப் போட்ட உடனே கல்லு தப்பாச் சுத்துதுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அந்த நிமிஷமே நிறுத்திட்டு வயரை மாத்தியிருப்பார். இது என்னடான்னா, கூரை சல்லடையாகுற வரைக்கும் யாரோ பொறியை மூஞ்சில வாங்கிக்கிட்டு நின்னிருக்காங்க. சாணைன்னா இப்படித்தான் இருக்கும் போலன்னு நினைச்சு நின்னிருக்காங்க. கரண்டும் தெரியாது, மெஷினும் தெரியாது. ஆனா, எஞ்சினை எப்படிக் கிளப்புறதுன்னு தெரியும். பதினாலு மாசமா பக்கத்துல இருந்து பார்த்தவங்க."

மெக்கானிக் அண்ணாந்து அந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு. மறக்கிறதுக்கு உங்க மச்சான் ரெண்டு காரணம் சொன்னார். மூணாவதை முழுங்கிட்டார். ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கேஸ்ல நான் பார்த்திருக்கேன். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, அதை ஆஃப் பண்ணாம எஞ்சினை நிறுத்திட்டா, இந்த மாதிரி ஜெனரேட்டர் சில சமயம் காந்தத்தை இழந்துடும். சாணையோட சுவிட்சைப் பாருங்க."

மெக்கானிக் பார்த்தார். சுவிட்ச் இன்னும் ஆன் பக்கம் சாய்ந்திருந்தது. சனிக்கிழமையிலிருந்து மூன்று நாளாக அது அப்படியேதான் இருந்திருக்கிறது, ஆதாரம் தேடி அலைந்த மனிதரின் மூக்குக்கு நேராக.

"நான் இல்ல," என்றார் மெக்கானிக், ஆட்களை எண்ணிக்கொள்வது போல. "அவனும் இல்லங்கறீங்க. அப்ப வேற யாரு? வீட்டுல வேற யாருமே இல்லையே!"

அந்தச் சொல் முடியும்போது பட்டறை வாசலில் அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், தடுக்க வந்து தடுக்க முடியாமல் போன தம்பி.

குண்டூசிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. புருவம், கத்தரிக்கோல், ஆணியில் தொங்கிய கணக்கில் வராத சாவி, எல்லாம் அவள் கண்ணெதிரேதான் இருந்தன. பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறாள்.

"உங்க மனைவியோட இடது புருவத்துல பாதியைக் காணோம்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "கருகிப் போயிருக்கு. பென்சில்ல வரைஞ்சிருக்காங்க. மூணு நாளா இதே வீட்டுலதானே சாப்பிடுறீங்க?"

இந்த முறை மெக்கானிக் நேராக அவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த யாரோ ஒரு விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான்," என்றாள் அவள். "கத்தரிக்கோல் தீட்டினேன். நூத்தி இருபது செட் சீருடை இருக்கு. துணி வெட்டினா கடிச்சுத் துப்புற மாதிரி வெட்டுது. தெரு முனையில குடுக்கிறேன்னா, 'நம்ம வீட்டுலயே சாணை இருக்கு, ஜெனரேட்டர் ஓடட்டும், நானே தீட்டித் தர்றேன்'னு சொன்னீங்க. இதைப் பதினாலு மாசமா சொல்றீங்க. வெள்ளிக்கிழமை ஓடிச்சு. சரி, ஓடிடுச்சேன்னு சனிக்கிழமை நானே தீட்டிக்கிட்டேன்."

சர்வேயர் தரையைப் பார்த்தார். அவருடைய தொழில் வாழ்க்கையில் இவ்வளவு நியாயமான குற்றத்தை அவர் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, நீ ஏன்..." என்று ஆரம்பித்த தம்பி, சர்வேயர் பக்கம் திரும்பினான். "உங்களை யார் சார் இவ்வளவு கண்டுபிடிக்கச் சொன்னது? நான் போயிட்டா முடிஞ்சிருக்கும். எனக்கு எங்க போனாலும் வேலை இருக்கு. அவளுக்கு இந்த வீடுதானே இருக்கு!"

மெக்கானிக் இதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் சாணை மெஷினிடம் போயிருந்தார். கல்லைப் பிடித்திருக்கும் பெரிய நட்டில் இரண்டு விரலை வைத்தார். ஸ்பானரே இல்லாமல் நட்டு அரைச் சுற்றுத் திரும்பியது. அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன?" என்றாள் குண்டூசி.

"தலைகீழா சுத்தினா இது கழலும்மா," என்றார் அவர், அவளிடமே. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா கல்லு பிய்ச்சுக்கிட்டுப் பறந்திருக்கும். இவ நேர் எதிர்ல நின்னிருக்கா." மனைவியிடம் திரும்பினார். கோபப்பட முயன்றார், வரவில்லை. வந்தது பயம்தான், மூன்று நாள் தாமதமாக. "ஏன்டி என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஞாயித்துக்கிழமை மீட்டர் முன்னாடியே சொல்ல வந்தேன். 'நீ சும்மா இரு, உனக்குப் புரியாது'ன்னீங்க. அன்னைக்குச் சாப்பாட்டுல சொல்ல வந்தேன், எழுந்து போயிட்டீங்க. தம்பியைக் கேட்டேன், என்னாலதானான்னு. இல்லக்கா, தானா மறந்துடுச்சுன்னு பொய் சொல்லிட்டான். நேத்து நீங்க அவன் பையைக் கட்டும்போது சொல்ல வந்தேன், 'உன் தம்பிக்கு வக்காலத்து வாங்காதே'ன்னீங்க." அவள் அழவில்லை. அளவு எடுக்கும்போது எண்களைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். "வந்திருந்த முப்பது பேரையும் கேட்டீங்க. பக்கத்து வீட்டுல கேட்டீங்க. கடைசில துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வந்து கேட்டீங்க. வீட்டுக்குள்ள இருக்கிற என்னைக் கேட்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல. இன்னைக்கு மத்தியானம் நானாவே இவங்ககிட்ட வந்தேன். தண்ணிக்கு நன்றின்னுட்டாங்க."

சர்வேயர் முப்பது வருடத்தில் பல பொய்ச்சாட்சிகளைத் தலை நிமிர்ந்து பார்த்தவர். இப்போது கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைக்க ஆரம்பித்தார். "மன்னிச்சிடுங்கம்மா," என்றார். அந்த வீட்டில் தன்னை யாரும் மதித்துப் பதில் சொல்லவில்லை என்று மதியம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தவள் குண்டூசி. ஆனால், அவளும் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, மறைக்க ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை.

மணி நாலே முக்கால். தம்பி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். "நான் வரேன்க்கா. பஸ் வந்துடும்."

மெக்கானிக் நடுப் பட்டறையில் நின்றார். ஒரு பக்கம் நான்கு மெஷின்கள், ஒரு பக்கம் மைத்துனன். அவருக்கு உத்தரவு போடத் தெரியும், தீர்ப்புச் சொல்லத் தெரியும். இப்போது தேவைப்பட்டது இரண்டுமே இல்லை என்பது அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று மனைவியைக் கேட்டார்.

அவர் நிஜமாகவே கேட்கிறாரா என்று அவள் பார்த்தாள். அவர் காத்திருந்தார்.

"நீங்க கட்டின பை. நீங்களே வாங்கி உள்ள வைங்க," என்றாள்.

அவர் போனார். தம்பி தோளிலிருந்து பையின் பட்டையைப் பிடித்தார். தம்பி விடவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிரே நின்றார்கள்.

"மாப்ள," என்றார் மெக்கானிக். "அந்த பேட்டரி வயரை எங்க தொடணும்?"

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு பட்டையிலிருந்து கையை எடுத்தான்.